தலைவர் ஃபோகஸ் செய்த சூரியன்

வானியல் மன்றத்தில் மொத்தம் நாலு பேர். ஒருவர் தலைவர், ஒருவர் செயலாளர், ஒருவர் பொருளாளர். மிச்சமிருந்த ஒரே உறுப்பினர் கண்ணாடிக் கடைக்கார அம்மாள். அவளுடைய பிழைப்பே லென்ஸ் என்பதால், லென்ஸ் விஷயத்தில் அவளிடம் யாரும் யோசனை கேட்பதில்லை. விஷயம் தெரிந்தவர்களைக் கேட்டால் குழப்பிவிடுவார்கள் என்பது தலைவரின் கொள்கை.

சூரியனை மட்டும் பார்ப்பதற்கென்றே, ஒளி வடிகட்டியை உள்ளேயே வைத்துச் செய்த குட்டி டெலஸ்கோப் ஒன்று வாங்கலாம் என்று எட்டு மாதம் நச்சரித்தவள் அவள்தான். சூரியனின் விளிம்பில் தீக்கொழுந்து எழும்பி நிற்குமாம். அதைத் தன் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. டெலஸ்கோப் வந்துவிட்டது. கண்ணை வைத்துப் பார்க்கிற ஐபீஸை மட்டும் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. டெலஸ்கோப் கடைக்காரர் நாலு மில்லிமீட்டர், பத்து மில்லி, இருபத்தைந்து மில்லி என்று மூன்றைக் கொடுத்தனுப்பி, "ஞாயிற்றுக்கிழமை பன்னெண்டு மணிக்குள்ள ஒண்ணை வச்சுக்கிட்டு ரெண்டைத் திருப்பிடுங்க" என்று சொல்லியிருந்தார். தப்பான ஒன்று தங்கிவிட்டால் ஆயுளுக்கும் அதுதான். தலைவர் எடுத்த முடிவை மன்றம் மாற்றிய சரித்திரம் கிடையாது.

ஞாயிறு காலை பதினொரு மணிக்கு நூலகத்தின் மொட்டைமாடியில் கூடினார்கள்.

"நாலு மில்லிதான்" என்றார் தலைவர், டெலஸ்கோப்பைத் தொடுவதற்கு முன்பே. "நூறு மடங்கு பெருசாக்கும். மத்ததெல்லாம் விளையாட்டுச் சாமான்."

"சார், இது நாப்பது மில்லி வாய் இருக்கிற சின்னக் குழாய். நூறு மடங்குக்கு இழுத்தா இருட்டிடும், பிம்பமும் ஆடும். பத்து மில்லியில நாப்பது மடங்குதான். ஆனா முழுச் சூரியனும் விளிம்போட..."

"கண்ணாடிக்காரம்மா, மூக்குக்கண்ணாடி வேற, விண்வெளி வேற."

பொன்மொழி மாதிரி இருந்ததால் செயலாளர் அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

"இருந்தாலும் நான் சர்வாதிகாரி இல்லே" என்றார் தலைவர். "அறிவியல் முறைப்படி சோதனை வச்சே பார்த்துடுவோம்."

நாலு மில்லியைப் பொருத்தினார். தன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் ஃபோகஸ் குமிழை முன்னும் பின்னும் உருட்டினார். "ஆகா!" என்றார். பிறகு செல்லோடேப்பை எடுத்துக் குமிழைச் சுற்றி மூன்று சுற்று ஒட்டினார்.

"இது எதுக்கு சார்?" என்றாள் அவள்.

"சோதனைன்னா எதையும் மாத்தக் கூடாது. ஐபீஸ் மட்டும்தான் மாறணும். மூணுக்கும் ஒரே நிபந்தனை. அதுதான் நியாயம்."

அவள் டேப்பையே முறைத்தாள். ஒவ்வொரு ஐபீஸுக்கும் குமிழைத் தனியாகத் திருப்பித்தான் ஆக வேண்டும். பார்க்கிற கண்ணுக்குக் கண்ணும் மாறும். தலைவரின் கண் மைனஸ் ஆறு. போன மாதம் கண்ணாடி போட்டுக் கொடுத்தவளே இவள்தான். தன் செருப்பை ஊர் முழுக்க மாட்டிவிட்டு, ஒருத்தருக்கும் நடக்கத் தெரியவில்லை என்று மார்க் போடுகிறார் மனுஷன்.

செயலாளர் குனிந்து பார்த்தார். "பிரமாதம் சார். ஒரே செக்கச்செவேல்."

பொருளாளர் தலைவருடைய மனைவியின் தம்பி. "அத்தான், என்னமோ நெளியுது" என்றார்.

"அதுதான்டா சூரியப் புயல்!"

பத்து மில்லி மாட்டப்பட்டது. தலைவர் பார்த்தார். "மங்கல். தள்ளுபடி." இருபத்தைந்து மாட்டப்பட்டது. "இது அதைவிட மோசம். தள்ளுபடி." செயலாளரின் பேனா ஓடியது.

"குமிழைக் கொஞ்சம் திருப்பினாப் போதும் சார்."

"நிபந்தனையை மீறச் சொல்றீங்களா?"

"வாயை ஒட்டிவிட்டுட்டு சாப்பாடு ருசியில்லேன்னா எப்படி சார்?"

பொருளாளர் சிரித்துவிட்டு, அத்தானின் முகத்தைப் பார்த்ததும் இருமினார்.

மணி பதினொன்றே முக்கால். இனிமேல் பேசிப் பிரயோஜனமில்லை. அவள் நகத்தைக் கொடுத்து டேப்பைக் கிழித்தாள்.

"அம்மா! தீர்மானம் நடந்துக்கிட்டிருக்கு!"

"அது நடக்கட்டும் சார், பாதகமில்லே."

பத்து மில்லியைச் செருகி, கண்ணை வைத்துக் குமிழைத் திருப்பினாள். கலங்கிக் கிடந்த சிவப்பு மெல்ல இறுகி ஒரு வட்டமானது. விளிம்பு கத்திவெட்டுப் போலத் தெளிந்தது. இதோ, ஓரத்தில் ஏதோ... அதற்குள் தோளில் கை விழுந்தது.

"தள்ளுங்க. என்ன கெடுத்து வச்சிருக்கீங்கன்னு பார்ப்போம்."

"கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாருங்க. அலங்காரத்துக்கா செஞ்சு குடுத்தேன்?"

தலைவர் முணுமுணுத்தபடி கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பார்த்தார். நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் பார்த்தார்.

பிறகு கண்ணை எடுக்காமலே, "எழுதுங்க" என்றார். "நீண்ட ஆய்வுக்குப் பின் பத்து மில்லியே உகந்ததென்று தலைவர் கண்டறிந்தார்."

"அப்போ நாலு மில்லி சார்?" என்றார் செயலாளர்.

"அது உறுப்பினர் ஒருவரின் தவறான பரிந்துரைன்னு போட்டுடுங்க."

இருந்த உறுப்பினரே ஒருத்தி. இந்தப் பஞ்சாயத்தை ஆரம்பித்தால் சூரியன் மேற்கே போய் விழுந்த பிறகும் முடியாது.

"என் பேரையே போட்டு எழுதிக்குங்க சார். இப்ப நாற்காலியை விட்டு எந்திரிங்க."

அவள் குரலில் என்ன இருந்ததோ, தலைவர் எழுந்துவிட்டார்.

அவள் தன் கண்ணுக்குக் குமிழை ஒரு மயிரிழை திருப்பினாள். விளிம்பில் ஒரு தீக்கொழுந்து. எழும்பி, வளைந்து, மறுபடி விளிம்பையே தொட்டுக்கொண்டு, அசையாமல் நின்றது. அவள் மூச்சுவிடவே யோசித்தாள்.

"கண்ணாடிக்காரம்மா" என்று பின்னாலிருந்து பொருளாளர் தயங்கினார். "மணி பன்னெண்டாகப் போகுது. ரெண்டையும் கடையில திருப்பணுமே."

"நீங்களே கொண்டுபோய்க் குடுத்துடுங்க தம்பி" என்றாள் அவள், குனிந்தபடியே. "போறப்போ அத்தானையும் கூட்டிட்டுப் போங்க."