பாய்லர் சுவரோரத்து மேசை

எனக்குப் பேசத் தெரியும். இதில் பொய்யான அடக்கம் எதற்கு? ஏழு பேர் சேர்ந்து நடத்தும் எங்கள் சலவைக்கூடத்தில் முதலாளி என்று யாரும் கிடையாது. எதுவானாலும் தேநீர் வேளையில் கூடி, கை தூக்கித்தான் முடிவெடுப்போம். பொறுப்பாளர் என்ற முறையில் முதலில் நான் பேசுவேன். பேசி முடித்ததும் கைகள் உயரும். நான் பொறுப்பேற்ற ஒன்பது வருடத்தில் ஒரு கைகூட மடியில் கிடந்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அன்றைக்குப் பேச்சு அத்தானைப் பற்றி. என் அக்காவின் கணவர். பாய்லரைப் பார்த்துக்கொள்வது அவர்தான். பாய்லரில் தண்ணீர் குறைந்தால் மணி அடிக்கும். அடித்த உடனே பர்னரை அணைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் வெடித்தாலும் வெடிக்கும். முந்தின வாரம் மணி காது கிழிய அடித்தும், அவர் மூன்றடி தள்ளி உட்கார்ந்து நிதானமாகச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். விரிப்புகளை மடிக்கும் பெண்தான் விழுந்தடித்து ஓடிப்போய் அணைத்தாள். அவளுடைய மேசை பாய்லர் சுவரை ஒட்டி இருந்தது.

அத்தான் பாய்லரிலேயே இருப்பதா, அழுக்குத் துணி பிரிக்கும் இடத்துக்கு மாறுவதா? இதுதான் கேள்வி.

கூட்டத்துக்கு முதல் நாள் அக்கா ஃபோனில் அழுதாள். "அந்த பாய்லர்தான்டி அவருக்கு உசிரு. அதை விட்டு எறக்கினா ஒடஞ்சு போயிடுவாரு. நீ சொன்னா எல்லாரும் கேப்பாங்கல்ல?"

கேட்பார்கள். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

பதினைந்து நிமிடம் வெளுத்து வாங்கினேன். இருபத்திரண்டு வருட உழைப்பு, ஒரே ஒரு நாள் அசதி, அதற்கு இவ்வளவு பெரிய தண்டனையா? "நம்மள்ல யாரு ஒரு தடவகூட கண்ணசந்ததில்லன்னு நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க பாப்போம்!" என்றேன். யாரும் நெஞ்சைத் தொடவில்லை. அவருக்குக் காது மந்தமாகிக்கொண்டே வருவது எனக்கு நன்றாகத் தெரியும். அதை மட்டும் பூசி மெழுகிவிட்டேன்.

மடிப்புக்காரி, "அக்கா, அன்னைக்கு வந்து..." என்று ஆரம்பித்தாள்.

"பாவம், நீ ரொம்ப பயந்துட்டம்மா" என்று அவள் தோளைத் தட்டினேன். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

ஏழு கைகளும் உயர்ந்தன. அத்தானின் கைதான் கடைசி.

மறுநாள் காலையில் கதவைத் திறந்து உள்ளே போனதும் ஏதோ உறுத்தியது. மடிப்பு மேசை, பாய்லர் சுவரை விட்டு எதிர்க்கோடிக்கு வந்திருந்தது. நாலு பேர் சேர்ந்து தூக்கினால்தான் அசையும் மேசை அது. கூடைகள், துணி ஏற்றிப் போகும் வண்டிக்காரரின் நாற்காலி, தேநீர்க் கெட்டில் என்று எல்லாமே இடம் மாறியிருந்தன. பாய்லர் பக்கம் ஈ காக்கை இல்லை.

"யாரு நகத்துனது?"

"இந்தப் பக்கம் வெளிச்சம் நல்லாருக்குக்கா" என்றாள் மடிப்புக்காரி. அவள் தலைக்கு மேலே இருந்த குழல் விளக்கு செத்துப்போய் மாதம் ஒன்றாகிறது.

"கதவு பக்கம் காத்து வருதும்மா" என்றார் வண்டிக்காரர். கதவு சாத்தியிருந்தது.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "நேத்து எல்லாரும் கை தூக்குனீங்கல்ல? யாராச்சும் உங்க கையப் புடிச்சு இழுத்தாங்களா?"

துவைக்கும் எந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் அதிகம் பேசாதவர். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கை தூக்குனது உனக்காகம்மா. மேசைய நகத்துனது எங்களுக்காக."

இத்தனை வருடம் நான் சம்மதம் என்று நினைத்ததெல்லாம் என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்தேன். வெட்கமாக இருந்தது.

அன்று தேநீர் வேளையில் நான் பேசவில்லை. ஆறு துண்டுச் சீட்டுகளும் காலி சோப்புத்தூள் டப்பா ஒன்றும் வைத்தேன். "இருக்கட்டும், இல்ல மாறட்டும். ஏதாவது ஒண்ணு எழுதுங்க. பேரு வேண்டாம். நான் எழுதல, உள்ளயும் இருக்கப்போறதில்ல" என்று சொல்லிவிட்டு வெளியே போய் வண்டியருகே நின்றேன். உள்ளே போய் ஒரே ஒரு வார்த்தை சொல்லலாமே என்று நாக்கு துடித்தது. ஒரு நிமிடம் போதும், ஆறு பேரையும் திருப்பிவிடுவேன். அக்காவின் அழுகை வேறு காதிலேயே இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

கூப்பிட்டார்கள். எல்லோர் முன்னாலும் ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.

மாறட்டும். மாறட்டும். மாறட்டும். நாலாவதும் அதுவே, ஐந்தாவதும் அதுவே. அத்தானின் சீட்டாவது மிச்சம் இருக்கிறதே என்று கடைசிச் சீட்டைப் பிரித்தேன்.

மாறட்டும்.

எழுதியது ஆறு பேர். அந்த ஆறு பேரில் அத்தானும் ஒருவர்.

நிமிர்ந்து பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய், அவர் காதருகே சத்தமாகக் கேட்டேன். "எத்தன நாளா அத்தான் மணி கேக்கல?"

"ரெண்டு மாசமாம்மா. தண்ணி கொறையுதா கொறையுதான்னு அந்தக் கண்ணாடிக் குழாயவே பாத்துட்டு உக்காந்திருப்பேன். அன்னைக்கு ஒரு நாள் கண்ண எடுத்தேன், அவ்வளவுதான். யாராச்சும் என்னை எறக்கி விட மாட்டாங்களான்னு இருந்துச்சு."

"அக்காகிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா அழுவா."

"சரி, நேத்து ஏன் கை தூக்குனீங்க?"

அத்தான் சங்கடமாகச் சிரித்தார். "நீ பேசுனது எனக்குப் பாதிகூட கேக்கலம்மா. சுத்திப் பாத்தேன், எல்லாரும் தூக்கியிருந்தாங்க. சரி, தூக்கணும் போலருக்குன்னு நானும் தூக்கினேன்."

யாரும் சிரிக்கவில்லை. நான் பேசியதை ஒரு வார்த்தை விடாமல் கேட்ட மற்ற ஐந்து பேரும் அதையேதான் செய்திருந்தார்கள்.