விஸ்வநத்தம் விலக்கில் நின்ற ஜீப்

விடியுமுன்பே, விஸ்வநத்தத்துக்குச் சாலை பிரியும் விலக்கில், பாண்டிராஜ் ஜீப்புக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். முதுகில் சரளைக்கல் குத்தியது. கண்ணில் துரு உதிர்ந்தது. பட்டாசு ஆலைக்குப் பெண்களை ஏற்றிப்போக அவன் ஓட்டும் பழைய ஜீப் அது. கொஞ்ச நாளாக ஸ்டியரிங் ஆடுகிறது.

"வலப்பக்கம் திருப்பு. இப்ப இந்தப் பக்கம்."

மேலே உட்கார்ந்து திருப்பியவள் ரோஜா. ஆலையில் திரி வெட்டுகிறவள். சிரித்தால் கன்னம் குழியும்.

வேலைக்குக் கிளம்பி வந்த வேலுத்தாயின் கண்ணில் முதலில் பட்டது அந்தக் குழிதான். பிறகுதான் அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த தன் புருஷனின் கால்கள்.

"சீட்டு வசதியா இருக்கோ?"

"வாங்கக்கா. அண்ணன்தான் ஆட்டச் சொன்னாக."

"எல்லாம் அண்ணன்ல இருந்துதான் ஆரம்பிக்கும்."

அடியில் ஸ்பானர் சத்தம் நின்றது. "மேல ஒரு ஆளு ஆட்டுனாத்தான் எங்கன லூசுன்னு கீழ தெரியும் வேலு. மொதல்ல வந்தது இவதான்."

"ஒங்களுக்குச் சோறு பொங்குனவ பிந்தித்தான் வருவா. நீ எறங்குடி."

ரோஜா இறங்கினாள். வேலுத்தாய் ஏறி, கோபத்தோடு திருப்பினாள். ஒரு சாண் சுற்றியும் முன்சக்கரம் அசையவில்லை. அவள் கை அப்படியே நின்றது.

"என்ன, சும்மா சுத்துது?"

"கீழ வந்து பாரு."

சேலையைச் செருகிக்கொண்டு அவன் பக்கத்தில் படுத்தாள். ரோஜா மறுபடி ஏறி ஆட்ட, அவன் வேலுத்தாயின் விரலைப் பிடித்துச் சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் முனையில் வைத்தான். உள்ளே ஓர் உருண்டை கடகடவென்று ஆடியது.

"பால் ஜாயிண்ட் தேஞ்சு போச்சு. கழண்டுச்சுன்னா வண்டி நம்ம சொன்னபடி திரும்பாது. மொதலாளி மேல இருக்குற ஸ்டியரிங் ஸ்குரூவை முறுக்கச் சொன்னாரு. முறுக்குனேன். ஸ்டியரிங் இறுகுச்சே தவிர ஆட்டம் போகலை."

"இது அவளுக்குத் தெரியுமா?"

"முந்தாநாளே சொன்னேன்."

"எனக்கு?"

அவன் கம்பியையே பார்த்தான். "சொன்னா நீ ஏற மாட்ட. நீ ஏறலைன்னா ஒருத்தியும் ஏற மாட்டா. என் வேலை போயிரும்."

கன்னக்குழியைவிட இதுதான் அவளைச் சுட்டது. பயத்தை ரோஜாவிடம் சொல்லியிருக்கிறான். கட்டியவளை, வண்டியில் ஏற்றிய திரிக்கட்டுகளுக்கு நடுவே உட்காரவைத்து, வழியிலுள்ள கல்குவாரிப் பள்ளத்தின் ஓரமாக ஓட்டியிருக்கிறான்.

மற்ற பெண்களும் வந்து சேர்ந்தபோது முதலாளி நல்லசிவத்தின் பைக் வந்து நின்றது.

"ஏலே, புருசன் பொண்டாட்டிக்கு வண்டிக்கு அடியில என்ன சோலி? வெயில் ஏறிட்டா வெடிமருந்து கலக்க முடியாதுன்னு தெரியாதா?"

"ஜாயிண்ட் மாத்தணும் மொதலாளி."

"சீசன் முடியட்டும். மெதுவா ஓட்டு, அம்புட்டுதான்."

வேலுத்தாய் வெளியே வந்து எழுந்து நின்றாள். "நாங்க மெதுவாப் போனா குவாரி தள்ளிப் போயிருமா மொதலாளி?"

"ஒம் புருசன் இல்லைன்னா இசக்கிப்பாண்டி ஓட்டுவான். ஓட்டுறதுக்கா ஆளில்ல?"

"ஏறுறதுக்கு ஆள் வேணுமே," என்றாள் ரோஜா.

பெண்கள் சிரித்தார்கள். அந்த வார்த்தை தன் வாயில் வராமல் போயிற்றே என்று வேலுத்தாய்க்கு அதிலும் பொறாமை. புருஷன் பக்கம் திரும்பினாள்.

"கழத்துங்க அதை."

"வேலு, வேலை..."

"கழத்துங்க."

பாண்டிராஜ் மறுபடி அடியில் புகுந்தான். துருவேறிய நட்டு அசைய மறுத்தது. வேலுத்தாயும் ரோஜாவும் ஒரே ஸ்பானரைப் பிடித்துத் தொங்க, கிறீச்சென்று இளகியது. ஜாயிண்ட் கையோடு வந்தது. இனி இசக்கிப்பாண்டி என்ன, யார் வந்தாலும் ஜீப்பை நகர்த்த முடியாது. கிரீஸோடு அதை முந்தானையில் முடிந்துகொண்டாள் வேலுத்தாய்.

"புதுசு வாங்கியாங்க. அதுவரைக்கும் இங்கனதான் இருப்போம்."

"நாளைக்கு வேலை கேட்டு வருவீகல்ல, அப்பப் பாத்துக்கிடுதேன்." அவர் சிவகாசிப் பக்கம் போனார். ஸ்பேர் கடைக்கா, வேறு ஆள் பிடிக்கவா, யாருக்கும் தெரியவில்லை.

பெண்கள் சாலையோரம் உட்கார்ந்தார்கள். தள்ளி நின்ற ரோஜாவை, "வந்து உக்காருடி," என்று பக்கத்தில் இருத்திக்கொண்டாள் வேலுத்தாய். பாண்டிராஜை மறுபக்கம் உட்காரச் சொன்னாள்.

வேறோர் ஆலையின் வேன் விலக்கில் வேகம் குறைத்தது. "என்னக்கா, வேலைக்குப் போகலையா?" என்று ஜன்னலில் ஒரு தலை எட்டிப்பார்த்தது.

"ஒங்க வண்டி ஸ்டியரிங்கை ஒருக்கா ஆட்டிப் பாக்கச் சொல்லு தாயி."

உள்ளே பேச்சுக்குரல்கள் எழுந்தன. கொஞ்சதூரம் போய், வேன் ஓரங்கட்டி நின்றது.