தாய்மாமனுக்கு வைக்காத பாக்கு

திசையன்விளையில் முருங்கைக்காய் மண்டி வைத்திருக்கும் பெருமாள்ராஜுக்குக் கோபம் வந்தால் கடைத்தெருவே ஒதுங்கிப் போகும். அன்றைக்கு வந்ததோ மண்டிக்குள் அடங்குகிற கோபம் இல்லை. அக்கா மகள் சுகன்யாவுக்குக் கல்யாணம். இன்னும் பன்னிரண்டே நாள். சாமிக்கு வைத்த கையோடு தாய்மாமனுக்குத்தான் முதல் பாக்கு வைத்து அழைக்க வேண்டும். ஊருக்கெல்லாம் அழைத்தாயிற்றாம். தாய்மாமன் வாசலை ஒரு ஈ காக்காய் எட்டிப் பார்க்கவில்லை!

"போய் நாக்கைப் பிடுங்குத மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டு வாரேன். கல்யாணத்துக்கு நம்ம வீட்லருந்து ஒரு குஞ்சு போகப்படாது," என்று பெண்டாட்டியிடம் உத்தரவு போட்டுவிட்டுப் புறப்பட்டவர், இரண்டு பஸ் மாறிப் பத்தமடையில் இறங்கும்போதும் சூடு குறையாமல்தான் இறங்கினார்.

அத்தான் சுடலைமாடன் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மச்சினனைக் கண்டதும் அவருக்கு முகமெல்லாம் பல்.

"ஏலே மாப்ள, வா வா! ஏட்டி இசக்கி, யாரு வந்திருக்கான்னு பாரு!"

"வாரது இருக்கட்டும் அத்தான். எனக்குப் பாக்கு வைக்காம எவனுக்கு வச்சிய?"

"என்னலே இப்படிச் சொல்லுத? உனக்குத்தாம்லே முதல்ல வச்சேன்."

"வாய் கூசாமப் பொய் சொல்லாதிய!"

"பொய்யா? நான் வந்தேன், நீ மண்டியிலருந்து ஓடியாந்தே. உங்கம்மை வெத்தலைத் தட்டை வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டா. போகும்போது ஒரு பை கருப்பட்டி கொடுத்து விட்டால்லா?"

நாக்கு நுனிவரை வந்த வசவு அங்கேயே நின்றுவிட்டது. அம்மா செத்து ஐந்து வருஷம் ஆகிறது. அத்தான் சொன்னதெல்லாம் உண்மைதான், ஆனால் அக்காவின் மூத்த மகள் கல்யாணத்தில் நடந்தது. அத்தான் முகத்தில் துளிக் கள்ளம் இல்லை.

பெருமாள்ராஜ் அக்கா இசக்கித்தாயை அடுக்களைக்குள் தள்ளிக்கொண்டு போய்க் கேட்டார். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏரல் சித்தி வீட்டுக்கு மூணு தடவை பாக்கு வச்சிட்டு வந்திருக்காரு. நாம கேலி பண்ணுதோம்னு அவ முறைக்கா. போன மாசம் வண்டியைச் சந்தையில விட்டுட்டு பஸ்ல வந்து, வண்டி களவு போயிட்டுன்னு ஒரே சத்தம். உன்னை அழைச்சாச்சுன்னு அடிச்சுச் சொன்னாரு, நானும் நம்பிட்டேன்."

"டாக்டர்ட்ட காட்டினியா?"

"வயசானா மறதி வரும்னு இருந்துட்டேன். சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாவ? கல்யாணம் முடியட்டும்."

"சாவியை எங்க வச்சோம்னு மறந்தா அது வயசு. செத்துப்போன அம்மை கையில தட்டைக் கொடுத்தேங்காரு. இது அப்படி இல்லக்கா. நாளைக்கே போவோம்."

சுடலைமாடனோ துள்ளிக் குதித்தார். "டாக்டரா? கம்பத்துல ஏறச் சொல்லு, இப்பவும் ஏறுதேன்! எனக்கு என்னலே கேடு?"

பெருமாள்ராஜ் இறங்கிப் போயிருந்த கோபத்தை மறுபடியும் இழுத்து முகத்தில் ஏற்றினார்.

"அப்ப சரி. பாக்கு வைக்காத கல்யாணத்துக்கு நான் வரணும்னா, காலையில நீங்க என்கூடப் பாளையங்கோட்டைக்கு வரணும். இல்லைன்னா மாமன் இல்லாத மணவறைதான்!"

சுடலைமாடன் ஆடிப்போனார். மறுநாள் முதல் ஆளாகக் குளித்துக் கிளம்பியதும் அவர்தான்.

டாக்டர் பெர்சிஸ் தேதி கேட்டார், மூன்று வார்த்தைகளைச் சொல்லிக் கொஞ்சநேரம் கழித்துத் திருப்பிக் கேட்டார், ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். வட்டம் அழகாக வந்தது. ஆனால் பன்னிரண்டு எண்களும் ஒரே பக்கம் நெருக்கியடித்து நின்றன.

"இந்தப் பக்கம் கரண்ட் போயிட்டு போலம்மா," என்றார் சுடலைமாடன்.

டாக்டரம்மாவே சிரித்துவிட்டார். பெருமாள்ராஜும் சிரித்தார், சிரித்துக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்தார்.

"ரத்தம் பாப்போம், ஸ்கேன் எடுப்போம். சத்துக்குறைவு, தைராய்டுன்னா பெரும்பாலும் சரிபண்ணிரலாம். மூளை சம்பந்தப்பட்ட மறதி நோய்னாலும் ஆரம்பத்துலயே வந்துட்டீங்க, செய்யறதுக்கு நிறைய இருக்கு. கல்யாணத்தைச் சந்தோஷமா நடத்துங்க. இவரைத் தனியா மட்டும் எங்கயும் அனுப்பாதீங்க," என்றார் டாக்டர்.

திரும்புகிற பஸ்ஸில் சுடலைமாடன் பைய மச்சினன் கையைப் பிடித்தார். "உள்ளுக்குள்ள பயமாத்தாம்லே இருந்துச்சு மாப்ள. சொன்னா சிரிப்பாங்கன்னு சொல்லல."

"சிரிக்கதுன்னா சேர்ந்து சிரிப்போம் அத்தான். நான் எதுக்கு இருக்கேன்?"

வெள்ளிக்கிழமை அக்காவும் அத்தானும் தட்டோடு திசையன்விளைக்கு வந்து முறையாக அழைத்துவிட்டுப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் வந்தார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் அக்காவின் போன்.

"தாய்மாமனை இன்னும் அழைக்கலயேன்னு திரும்பவும் கிளம்பிட்டாரு. நிறுத்த முடியலலே, நானும் கூட வாரேன். கோவிச்சுக்காதே."

"நீ பேசாம வா."

பெருமாள்ராஜ் முதல் இரண்டு பத்திரிகைகளையும் அலமாரிக்குள் ஒளித்தார். புதுச் சட்டை மாட்டி, மண்டியில் போய்க் காத்திருந்தார். வீட்டு வாசலில் கார் நின்றதும் மண்டியிலிருந்து ஓடினார். தட்டை இரண்டு கையாலும் வாங்கி, அம்மா செய்ததுபோலவே கண்ணில் ஒற்றிக்கொண்டார். போகும்போது கொடுக்க ஒரு பை கருப்பட்டியும் தயாராக இருந்தது.

"முதல் பாக்கு எனக்குத்தான அத்தான்?"

"பின்ன? தாய்மாமன்லா நீ! உனக்கு வச்சிட்டுத்தாம்லே மத்தவனுக்கு."