அத்தெக்குப் போட்ட குழாய்

குவைத்திலிருந்து தேவானந்தம் பேசும்போதெல்லாம் போன் கார்டு தீருவதற்குள் சொல்லி முடித்துவிட வேண்டுமே என்ற பரபரப்பு குரலில் இருக்கும். அன்றைக்கும் நலம் விசாரித்த அதே மூச்சில் விஷயத்துக்கு வந்துவிட்டான்.

"கேசியா, அந்தப் பாத்ரூமை இடிச்சிட்டுப் புதுசா கட்டிடு. வெஸ்டர்ன் போட்டுடு. பைப்பு, டேங்க்கு எல்லாம் கெட்டியா இருக்கணும். சும்மா சும்மா ரிப்பேருக்கு ஆள் தேடிக்கினு திரியக் கூடாது. தண்ணி கம்மியா செலவாவறதா பாத்து எடு. அத்தெக்குத்தானேன்னு கண்டதையும் மாட்டிடாதே."

கேசியா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நெஜமாத்தான் சொல்றீங்களா?"

"நெஜமாத்தான். இப்பவே யார்கிட்டயும் சொல்லிடாதே. லீவுல வந்து நானே எல்லாம்..."

லைன் அறுந்தது. கேசியா ரிசீவரைக் கீழே வைக்காமல் நின்றாள். போன லீவில் அவன் புறப்படுவதற்கு முன்னால், தன் அம்மாவைக் கூட்டி வந்து வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டிருந்தாள். "பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைப் பூட்டினான். அந்தப் 'பாக்கலாம்' இத்தனை நாள் கழித்துப் பழுத்து விழுந்திருக்கிறது என்று நினைத்தாள்.

அவளுடைய அம்மா ஜெயகுமாரி, பாகாலாவில் மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் போன பிறகு கொழுந்தனார் வீட்டில் ஓர் அறையில் இருந்தாள். வாசற்படியில் விழுந்து இடுப்பில் அடிபட்டதிலிருந்து அவளால் குத்துக்காலிட்டு உட்கார முடியவில்லை. அந்த வீட்டுக் கக்கூஸ் கொல்லைப்புறத்தில் இருந்தது. ஜன்னல் கம்பியில் ஒரு கயிற்றைக் கட்டி, அதைப் பிடித்துத் தொங்கித்தான் எழுந்திருப்பாள். இந்த அவஸ்தைக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டாள். காலையில் காபி, சாப்பாட்டோடு இரண்டு மிடறு தண்ணீர், அவ்வளவுதான். உதடு எப்போதும் வெடித்திருக்கும். கேட்டால், "எனக்குத் தாகமே எடுக்கறதில்லம்மா" என்பாள்.

சித்தூரில் கேசியாவின் வீட்டிலும் அதே மாதிரிக் கக்கூஸ்தான். வா என்று கூப்பிட்டால் வந்துவிடலாம். வந்த இடத்தில் என்ன செய்வாள்? அதுவுமில்லாமல், மாப்பிள்ளை தன் வாயால் அழைக்காமல் மகள் வீட்டில் போய் உட்காருகிற பழக்கம் அவர்கள் குடும்பத்தில் இல்லை.

யாரிடமும் சொல்லாதே என்று அவன் சொன்னதைக் கேசியா ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிகிற வரைக்கும் காப்பாற்றினாள். அன்று மத்தியானமே பாகாலாவில் அம்மாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"மாப்பிள்ளையே சொன்னாரா?" என்று ஜெயகுமாரி கேட்டாள்.

"அவரேதாம்மா. 'அத்தைக்குத்தானேன்னு கண்டதையும் மாட்டிடாதே'ன்னாரு."

ஜெயகுமாரி கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தாள். "அந்தப் புள்ளைக்கு நானு ஒரு நல்ல கொழம்பு கூட வெச்சிப் போட்டதில்லையே, கேசி."

பாத்ரூம் சாமான் வாங்க இருவரும் திருப்பதிக்குப் போனார்கள். கேசியா சித்தூரில் ஏறிய பாசஞ்சரில் ஜெயகுமாரி பாகாலாவில் ஏறிக்கொண்டாள். வழியெல்லாம் மகள் நீட்டிய தண்ணீர் பாட்டிலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாளே தவிர மூடியைத் திருகவில்லை.

அப்போதெல்லாம் திருப்பதியில் தெருவுக்கு ஒரு லாட்ஜ் எழும்பிக்கொண்டிருந்தது. அவற்றை நம்பிக் கண்ணாடி வைத்த டைல்ஸ் கடைகளும் குழாய்க் கடைகளும் வரிசையாக வந்திருந்தன. அவர்கள் நுழைந்த கடையின் முதலாளி நாகபூஷணம், நெற்றி நிறைய நாமம் போட்டிருந்தார்.

"சொந்த இல்லா, அத்தெ இல்லா?" என்று தெலுங்கில் கேட்டார். சொந்த வீடா, வாடகை வீடா என்று.

கேசியா சிரித்துவிட்டாள். "சொந்த இல்லுதாங்க. அத்தைக்காகக் கட்றது."

ஜெயகுமாரிக்கும் சிரிப்பு வந்தது. "நாந்தாங்க அந்த அத்தை" என்றாள். நாகபூஷணத்துக்கு அது புரிந்ததோ இல்லையோ, அவரும் கூடச் சிரித்துவைத்தார். "அத்தெ இல்லுன்னா பிளாஸ்டிக்கே சாலு அம்மா, போதும். சொந்தம்னா பித்தளை பாருங்க" என்று உள்ளே அழைத்துப் போனார்.

கேசியா குழாய்களைக் கையில் எடுத்து எடுத்துக் கனம் பார்த்தாள். பளபளப்பெல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தது, கனம்தான் காட்டிக்கொடுத்தது. சித்தூர் போர்வெல் தண்ணீர் உப்பு. மெலிசான குழாயை ஒரு வருடத்தில் தின்றுவிடும். உள்ளே ரப்பர் வாசர் வைத்ததை ஒதுக்கினாள். பீங்கான் வில்லை வைத்தது சொட்டாது, தேயாது என்றார்கள். அதைத் தன் ஆசைக்கு எடுக்காமல் அம்மாவிடம் கொடுத்தாள்.

"திருப்பிப் பாரும்மா."

ஜெயகுமாரியின் விரல்கள் வாதத்தில் கோணியிருந்தன. உருண்டைப் பிடி வழுக்கியது. காட்டுவதற்காகத் தண்ணீரோடு மாட்டி வைத்திருந்த நீளக் கைப்பிடிக் குழாயை மணிக்கட்டால் ஒரு தட்டுத் தட்டினாள், திறந்தது. இன்னொரு தட்டில் மூடியது. வாயில் சின்ன வலை வைத்திருந்ததால் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்தது. பார்க்க நிறைய இருந்தது, அடியில் வைத்த மக் மெதுவாகத்தான் நிறைந்தது.

"பாலு மாதிரி இல்ல?" என்றாள் ஜெயகுமாரி.

அந்த வருடம் சித்தூரில் போர்வெல்லெல்லாம் வற்றி, லாரித் தண்ணீருக்கு டிரம் வைத்துக் காத்திருந்த காலம். ஒருமுறை சங்கிலியை இழுத்தால் ஒரு பக்கெட் தண்ணீர் போய்விடுகிற பழைய தொட்டி வேண்டாம் என்று கேசியா முன்பே முடிவு செய்திருந்தாள். இரண்டு பொத்தான் வைத்த தொட்டியைக் காட்டினார்கள். சின்னது கொஞ்சத்துக்கு, பெரியது நிறையத்துக்கு.

"நானு சின்னதையே அமுக்கிக்கறேன்" என்றாள் ஜெயகுமாரி.

"அமுக்குறதுல என்னாம்மா கஞ்சத்தனம்? உன் இஷ்டம்."

கடைசியாகக் கமோடு. எல்லாம் ஓர் உயரம் இல்லை என்பது அங்கே வந்துதான் தெரிந்தது. கேசியா தயங்கித் தயங்கி, அம்மா உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டாள். "கூச்சோண்டி அம்மா, கூச்சோண்டி" என்றார் நாகபூஷணம். ஜெயகுமாரி புடவையைச் சரிசெய்துகொண்டு, கைப்பையை மடியில் வைத்து, நடுக்கடையில் உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு வெளியே மொட்டையடித்துச் சந்தனம் பூசிய ஒரு குடும்பமே நின்று வேடிக்கை பார்த்தது.

"அட்டெண்டன்ஸ் எடுக்கலாம் போல கீது" என்றாள் ஜெயகுமாரி.

முதலில் உட்கார்ந்தது தாழ்வு. எழுந்திருக்கக் கேசியா கை கொடுக்க வேண்டியிருந்தது. அடுத்தது கொஞ்சம் உயரம். உட்கார்ந்தாள். யார் கையையும் பிடிக்காமல் எழுந்தாள். நம்பாமல் மறுபடி உட்கார்ந்து மறுபடி எழுந்தாள்.

"பாத்தியா கேசி" என்றாள் மெதுவாக. திரும்பி வரும் ரயிலில் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தாள்.

கேசியா வேலையை நின்று பார்த்துக் கட்டினாள். வழுக்காத சொரசொரப்பு டைல்ஸ். கமோடுக்குப் பக்கத்துச் சுவரில், யாரும் சொல்லாமல் அவளே யோசித்து, பிடித்து எழ ஒரு ஸ்டீல் கம்பி. தேவானந்தம் பேசும்போது ஒவ்வொன்றாகச் சொன்னாள். "நல்லா பண்ணியிருக்கே" என்றான். நன்றி சொல்ல அவளுக்கு நாக்குவரை வரும். லீவில் வரட்டும், முகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவாள். பாகாலாவில் ஜெயகுமாரி அறையை ஒழித்துக் கொடுத்துவிட்டாள். கொழுந்தனார் மகனுக்குப் புதிதாகக் கல்யாணம். அவர்கள் அந்த அறைக்கு மாறிக் கட்டில் கூடப் போட்டுவிட்டார்கள். மாப்பிள்ளை வந்து சேர்ந்த மறுநாள், டிரங்குப் பெட்டியோடு வருவதாக ஏற்பாடு.

தேவானந்தம் வந்தான். இளைத்திருந்தான். காதோரம் நரைத்திருந்தது. காபியைக் கையில் எடுத்துக்கொண்டே நேராகப் பாத்ரூமைப் பார்க்கப் போனான். குழாயைத் திறந்து மூடினான். இரண்டு பொத்தானையும் அமுக்கிப் பார்த்தான். முகம் மலர்ந்தது. பிறகு அந்தக் கம்பியைத் தட்டினான்.

"இது எதுக்கு? அத்தெக்கு வர்றவங்க துணி காயப் போடவா?"

"அம்மா புடிச்சிக்கினு எழுந்திருக்கத்தான்."

"எந்த அம்மா?"

"எங்கம்மாதான். உங்க அத்தை." சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். "நீங்கதானே சொன்னீங்க? அத்தைக்குத்தானேன்னு கண்டதையும் மாட்டிடாதேன்னு."

தேவானந்தம் காபியை ஜன்னல் திட்டில் வைத்தான். "நானு அத்தெக்குன்னு சொன்னேன் கேசியா. வாடகைக்கு."

எழுதிப் பார்த்தால் தமிழில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். 'அத்தை'யில் நாக்கு பல்லை அழுத்த வேண்டும். வாடகைக்குச் சித்தூர்க்காரர்கள் சொல்லும் தெலுங்கு 'அத்தெ'யில் 'பந்து'வில் வருகிறாற்போல மெத்தென்று பட்டுவிட்டு வர வேண்டும். சித்தூரில் ஒன்றரை வயதுக் குழந்தைக்குக் கூட அந்த வித்தியாசம் தெரியும். கடல் தாண்டி வந்த அந்த இரைச்சலில் கேசியாவின் காது தனக்கு வேண்டியதைக் கேட்டுக்கொண்டது. கடைக்காரர் கேட்டபோது அம்மாவும் அவளும் சிரித்த சிரிப்பு நினைவுக்கு வந்தது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்கு ஃபேமிலி விசா கெடைச்சிருக்குது. வந்து சொல்லலாம்னு வெச்சிருந்தேன்" என்றான் தேவானந்தம். சந்தோஷமாகச் சொல்ல வைத்திருந்த செய்தி, மன்னிப்புக் கேட்பது போல வந்தது. "ஒரு பேங்க் ஆபீசருக்கு அங்கேருந்தே பேசி வீட்டை விட்டுட்டேன். அட்வான்சும் வாங்கியாச்சு."

"அப்படீன்னா அம்மாவை இங்கயே வெச்சிட்டு, நானும் இருக்கறேன். நீங்க மட்டும்..."

"இன்னும் எத்தினி வருஷம் கேசியா?" என்றான் அவன். "ரூமுக்குப் போனா பேச ஆளில்லை. சோத்தை முன்னால வெச்சிக்கினு உக்காந்திருப்பேன். நானு பொண்டாட்டி இருக்கறவனா இல்லையான்னே எனக்குத் தெரியல."

அவளுக்கும் அந்தத் தனிமை தெரியும். குழந்தை இல்லையா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அவளும் ஓய்ந்திருந்தாள். இதே செய்தி போன வருடம் வந்திருந்தால் ஓடிப்போய் அவன் மார்பில் சாய்ந்திருப்பாள்.

"அங்கே அம்மாவுக்கு..."

"பொண்டாட்டிக்கு மட்டும்தான்" என்றான்.

மறுநாள் ஜெயகுமாரி வந்தாள். வெளுத்து இஸ்திரி போட்ட புடவை. டிரங்குப் பெட்டியும் சுருட்டிக் கட்டிய மெத்தையும். தேவானந்தம் ஓடிப்போய் இறக்கினான். "நல்லாருப்பே நைனா" என்று அவன் கன்னத்தைத் தொட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

சாப்பிட்டு முடிக்கட்டும் என்று இருவரும் காத்திருந்தார்கள். அவள் கறிக்குழம்பை ரசித்துத் தின்றாள். தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டு இன்னொரு சொம்பு கேட்டாள். மகள் முகத்தைப் பார்த்து, "என்னாத்துக்கு பயம் இனிமே?" என்று சிரித்தாள். பிறகு பாத்ரூமுக்குப் போனாள். வெளியே உட்கார்ந்திருந்த கேசியாவுக்குக் குழாய் நுரைத்து ஓடுகிற சத்தமும், பட்டென்று நிற்கிற சத்தமும், பிறகு சின்னப் பொத்தானின் சத்தமும் கேட்டன. பெரியதை அவள் அமுக்கவே இல்லை.

வெளியே வந்தவளிடம் தேவானந்தம்தான் சொன்னான். அந்தச் சொல்லையும் ஒளிக்காமல் சொன்னான். கேசியா, "நானு போவலம்மா" என்றாள்.

ஜெயகுமாரி ஈரக் கையை முந்தானையில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள்.

"அத்தெ இல்லா, சொந்த இல்லான்னு அந்தக் கடைக்காரரு அன்னிக்கே கேட்டாரு. டீச்சரு நானே தப்பாப் படிச்சிட்டேன்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. "போவலன்னு சொல்லாதே கேசி. புருஷன் ஒருபக்கம், நீ ஒருபக்கம்னு இருந்தா வயித்துல எப்பிடிப் புள்ளை தங்கும்? போ. உன் வீட்டுல நானு உக்காந்துக்கினு உன் குடும்பத்தைக் கெடுக்கவா?"

"ரெண்டு வருஷந்தான் அத்தை. திரும்பி வந்ததும்..." என்று தேவானந்தம் ஆரம்பித்தான்.

"ஆவட்டும் நைனா" என்றாள், அவன் அந்த வாக்கியத்தை முடிக்க வேண்டியிராதபடிக்கு.

"அங்கே உன் ரூமு?" என்றாள் கேசியா.

"வராண்டா கீதே. காத்து நல்லா வரும்."

சாயங்காலப் பாசஞ்சரில் ஏற்றிவிடப் போனார்கள். டிரங்குப் பெட்டியைத் தேவானந்தம் தோளில் சுமந்தான். கூலிக்காரரைக் கூப்பிட மறுத்துவிட்டான். ஜெயகுமாரிக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பாத்ரூமைப் பற்றி அவளாகவே பேசினாள். அந்தக் குழாய் நாளாக நாளாக உப்புக் கட்டும், வலையைக் கழற்றி அப்பப்போ கழுவச் சொல்லி வாடகைக்கு வருகிறவர்களிடம் சொல்ல வேண்டும் என்றாள். கம்பியை எடுத்துவிடாதே, அவர்கள் வீட்டிலும் வயசானவர்கள் இருப்பார்கள் என்றாள்.

வண்டி புறப்படச் சிக்னல் விழுந்தது. கேசியா பாட்டிலை ஜன்னல் வழியாக நீட்டினாள்.

"வெயில்ல வந்திருக்கே. ஒரு வாய் குடிம்மா."

ஜெயகுமாரி பாட்டிலைப் பார்த்தாள். வாங்கவில்லை. கம்பிகளுக்கு நடுவே கையை நீட்டி அதை மகளிடமே தள்ளிவிட்டாள்.

"வேணாம்மா" என்றாள். "எனக்குத் தாகமே எடுக்கல."