முழந்தாளிட்ட வேலி

செஞ்சியில் பாக்கியசாமி வீட்டுப் பின்பக்கம் போட்ட பலகை வேலி, மாதா கோயில் மணி அடித்ததும் முழந்தாளிடும். காலையில் ஒரு தரம், உச்சியில் ஒரு தரம், பொழுது சாய ஒரு தரம். யுத்தகாலம். ரங்கூன் அரிசி நின்றுபோய், ரேஷனில் போட்ட அரிசியில் பாதி கல்லாக இருந்தபடியால், ஊரில் யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை.

பாக்கியசாமிக்குத்தான் வயிற்றெரிச்சல். சொந்தத் தோட்டத்துக் கத்தரிக்காயில் ஒரு குழம்பு சாப்பிட வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. பக்கத்து வீட்டு ஆதிலட்சுமியின் ஆடுகள் பூ விடுமுன்னே செடியை மொட்டையடித்தன. முள் வெட்டிப் போட்டார், முள்ளையும் தின்றன. பழைய கோயிலை இடித்துப் புதிதாகக் கட்டியபோது பீடத்துக்கு முன்னாலிருந்து கழற்றிப்போட்ட கிராதிப் பலகைகளைப் பங்குச் சாமியாரிடம் கேட்டு வாங்கி, வண்டியில் ஏற்றி வந்தார். பூட்டன் காலந்தொட்டுச் சனங்கள் பூசையில் நன்மை அப்பம் வாங்க முழந்தாள் போட்டுப் போட்டுக் குழி விழுந்த பலகைகள். தச்சர் முருகையன் அவற்றைச் சட்டத்தில் கோத்து, தட்டி தட்டியாக நட்டு, கல் போட்டு இறுக்கினார். யானை முட்டினாலும் நிற்கும் என்றார். யானை வரவில்லை, உச்சி மணி அடித்தது. தட்டிகள் எல்லாம் நடுவில் மடங்கி ஒன்றுபோல் முழந்தாளிட்டன. ஆடுகள் தாண்டி உள்ளே வந்தன. செபம் முடிகிற நேரத்துக்கு வேலி எழுந்து நின்றுவிட்டதால் வெளியே போக வழியில்லாமல், சாயங்கால மணிவரை நிதானமாகத் தின்றன.

"தட்டி செஞ்சதுதான் நானு," என்றார் முருகையன். "பழக்கிவுட்டது உங்க ஆளுங்க."

பாக்கியசாமி இரும்புப் பட்டை அடித்தார். பட்டையும் சேர்ந்து மடங்கியது. புளியமரத்தோடு இழுத்துக் கட்டினார். புளியமரம் இன்றைக்கும் கொஞ்சம் சாய்வாகத்தான் இருக்கிறது. பலகைக்குக் காது இருக்குமென்று கணு ஓட்டைகளில் மெழுகு அடைத்தார். வேலி நேர் மணியை விட்டுவிட்டு, ராஜகிரிப் பாறையில் மோதித் திரும்பிய எதிரொலிக்கு முழந்தாளிட்டது. தாமதித்த குற்றத்துக்கோ என்னவோ, வழக்கத்தைவிட அதிக நேரம் அப்படியே இருந்தது. மணியை மெதுவாக அடிக்கச் சொல்லலாமென்று சாமியாரிடம் போனார். "மரமே மண்டி போடுதே பாக்கியசாமி, நீ எப்போ?" என்று கேட்டு அனுப்பிவிட்டார் சாமியார். கேள்வி நியாயமானதுதான். திரிகால மணி அடிக்கும்போதெல்லாம் பாக்கியசாமி கையில் தடியோடு ஆட்டின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார். மனைவி அமலோற்பவம் அவருக்கும் சேர்த்து முழந்தாளிட்டு, இரண்டு பங்கு செபம் சொன்னாள்.

ஆதிலட்சுமியிடம் சண்டைக்குப் போனதும் பலிக்கவில்லை. "உன் வேலியே குனிஞ்சு, வா வான்னு கூப்புடுது. என் ஆடு இன்னா பண்ணும்ண்ணே?" என்றாள்.

அடங்காத ஆடுமாட்டுக்குக் கழுத்தில் கட்டை கட்டித் தொங்கவிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். ஓடினால் முட்டியில் அடிக்கும். கட்டிக்கொள் என்றாள் ஆதிலட்சுமி, கட்டை மட்டும் உன்னுடையது என்றாள். வேறு மரத்துக்கு அலையச் சோம்பல்பட்டு, மிச்சமிருந்த கிராதிப் பலகையையே அறுத்துக் கட்டினார் பாக்கியசாமி. மறுநாள் மணி அடித்தது. வேலி முழந்தாளிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் ஆடுகளும் முன்னங்காலை மடக்கி முழந்தாளிட்டன. வேலி எழுந்த பிறகுதான் அவையும் எழுந்தன.

இப்போது வயிற்றெரிச்சல் ஆதிலட்சுமிக்கு. அங்காளம்மனுக்கு நேர்ந்துவிட்ட கிடாவை அமாவாசையன்று மேல்மலையனூருக்குக் கட்டையோடே ஓட்டிப்போனாள். மஞ்சள் தண்ணீர் தெளித்தால் கிடா உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் அம்மன் ஒப்பினாள் என்று கணக்கு. தெளித்த நேரம் பார்த்துக் கோயில் மணி அடித்தது. கட்டைக்கு எந்தக் கோயில் என்ற பேதம் தெரியாது. கிடா முழந்தாளிட்டது. "கும்புடற ஆட்ட எப்புடிம்மா வெட்றது? வூட்டுக்கு ஓட்டிக்கினு போ," என்றார் பூசாரி. "உங்க வேதத்துல சேத்துட்டியே என் கிடாவ!" என்று அவள் வேலிக்கு மேலாகக் கத்தியபோது, உள்ளே செடிகள் இடுப்பளவு தழைத்திருந்தன.

ஆனால் காய் இல்லை. பாக்கியசாமி நின்று பார்த்தார், நடந்து பார்த்தார், இலைதான் தெரிந்தது. "ஆடு நின்னுச்சு, இப்போ செடி மலடாப்போச்சு" என்று வீட்டிலிருந்த எல்லோரையும் திட்டினார். அமலோற்பவம், புருஷனுக்குச் சேற்றில் நடந்து நடந்து கால் வெடித்திருக்கிறதென்று முருகையனிடம் சொல்லி, அவருக்கு ஒரு ஜோடி மரச்செருப்புச் செய்து வாங்கினாள். கடைசியாக மிஞ்சிய துண்டு அதற்குச் சரியாக இருந்தது. என்ன மரமென்று அவர் கேட்கவில்லை.

சாயங்காலம் செருப்பை மாட்டிக்கொண்டு தண்ணீர் பாய்ச்சப் போனார். மணி அடித்தது. வேலி முழந்தாளிட்டது, ஆடுகள் முழந்தாளிட்டன, பாக்கியசாமியும் சேற்றில் சொத்தென்று முழந்தாளிட்டார். எழுந்திருக்க முயன்றார், செபம் இன்னும் முடியவில்லை. "அடியே அமலோற்பவம்!" என்று கத்த வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். முகத்துக்கு நேரே, இலைக்கு அடியில், கொத்துக் கொத்தாகக் காய் தொங்கியது.

மணி ஓய்வதற்குள் ஒரு மடி பறித்துவிட்டார். ராத்திரி கத்தரிக்காய்க் குழம்பு. உப்பு கொஞ்சம் கூடுதல் என்றார்.