தண்ணீரில் இருப்பதுபோல

"கொழந்தைக்குப் பேச்சு வரும்தானே?"

"ஐய, வரும் மேடம். வாயாடி மேடம் இவ. இவ வாய மூட வூட்ல தனியா ஒரு ஆளு வெக்கணும்."

"அப்ப ஏன் ஒரு வார்த்தை வரல? ஆப்பிளைக் காட்டினேன். சிவப்பு கலரைக் காட்டினேன். பேரைக் கேட்டேன். ஒண்ணுக்கும் பதில் இல்லையே."

"ருக்கு, சொல்லும்மா. மேடம் கேக்கறாங்க இல்ல? உன் பேரு இன்னா?"

ருக்கு தாயை நிமிர்ந்து பார்த்தாள். நான்கு வயதுக் கண்களில் பயம் ஒன்றும் இல்லை. உதடுகளை இன்னும் இறுக்கிக்கொண்டாள். கடித்த கடியில் கன்னம் இரண்டும் புடைத்தன.

தாய் ஜமுனா பிள்ளையின் தோளை மெல்லத் தட்டிப் பார்த்தாள். ஏரிக்கரையிலுள்ள தோணிரேவிலிருந்து விடியற்காலையில் கிளம்பி, திருப்பாலைவனம் சாலையில் இருக்கும் இந்த நர்சரிப் பள்ளிக்கு வந்திருந்தாள். பிள்ளைக்குப் புதுக் கவுன். தலையில் எண்ணெய் வழிய வழியச் சீவிய இரட்டைச் சடை. எல்லாம் சரியாகத்தான் செய்திருந்தாள்.

"எல்.கே.ஜி.க்கு வரும்போதே ரெடியா இருக்கணும்மா" என்றார் தலைமை ஆசிரியை ரோஸ்மேரி. "ஏ டு இசட் சொல்லணும். அம்பது வரைக்கும் எண்ணணும். பேரை எழுதணும்."

"அதெல்லாம் கத்துக்கத்தானே மேடம் ஸ்கூலுக்கே இட்டாந்தேன்?"

ரோஸ்மேரி ஒரு கணம் மேசையிலிருந்த படங்களை அடுக்கினார். கெட்டவர் இல்லை. சற்று முன்புதான் ருக்குவின் கன்னத்தைத் தட்டி மிட்டாய் கொடுத்திருந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "இப்ப எல்லா இடத்துலயும் இப்படித்தான். அதுவும் உங்க ஆளுங்க பிள்ளையைச் சேர்த்து, அது பின்தங்கிடுச்சுன்னா, மத்த பேரன்ட்ஸ் என்னைத்தான் கேப்பாங்க. வீட்ல சொல்லிக் குடுத்து அடுத்த மாசம் கூட்டிட்டு வாங்க. பாக்கலாம்."

உங்க ஆளுங்க. அந்த இரண்டு சொல்லும் ஜமுனாவுக்குப் புதிதல்ல. ஏரியில் படகும் வலையும் உள்ளவர்கள் ஒரு சனம். கையை மட்டும் வைத்துக்கொண்டு இறங்குகிறவர்கள் இன்னொரு சனம். ஐந்தாம் வகுப்பில் அவளைச் சேற்று நாற்றம் என்று கடைசி வரிசையில் தனியாக உட்கார வைத்தார்கள். அதோடு அவள் பள்ளிக்குப் போகவில்லை. அன்றிலிருந்து அவளும் கழுத்தளவுத் தண்ணீரில் குந்தி, சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறாள். சிப்பி கிழித்த விரல்களில் உப்புத் தண்ணீர் ஏறி எரியாத நாளில்லை. ருக்குவின் விரல்கள் அந்தச் சேற்றுக்குள் போகக்கூடாது. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பள்ளியின் இரும்புக் கதவைத் தாண்டிச் சாலையில் கால் வைத்ததுதான் தாமதம், ருக்கு பெருமூச்சு விட்டு வாயைத் திறந்தாள்.

"மா, அந்த மேடம் மூக்குல ஒரு மச்சம் கீது, பாத்தியா? ஈ ஒக்காந்துகினு கீதுன்னு நெனச்சேன். மா, நான் பறிய வுடவே இல்ல. கடிச்சினே இருந்தேன்."

ஜமுனா நடுச்சாலையில் நின்றுவிட்டாள்.

காலையில் சடை பின்னும்போது அவள் சொன்னதுதான்: "அங்க போனா ஓடக்கூடாது, ஆடக்கூடாது. தண்ணில இருக்கற மாதிரி இருக்கணும், இன்னா?" ஒழுங்காக இரு என்பதற்கு அவர்கள் சனத்துப் பெண்கள் பிள்ளைகளிடம் சொல்வது அது. தண்ணீரில் இரண்டு கையும் சேற்றுக்குள் இருக்கும். பிடித்த இறாலைப் போடும் ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லில்தான் கடித்துக்கொள்ள வேண்டும். பேச வாயைத் திறந்தால் பறி மிதந்து போய்விடும், பாதி நாள் பாடும் அதோடு போகும். கரையோரம் முழங்கால் தண்ணீரில், கிழிந்த பறி ஒன்றைக் கடித்துக்கொண்டு அம்மாவைப்போலத் தடவித் தடவி விளையாடுவாள் ருக்கு. கரையேறும்வரை மூச்சுவிட மாட்டாள். ஏறியதும் அவ்வளவு நேரம் அடக்கியதெல்லாம் கொட்டும்.

ஜமுனா திரும்பி ஓடினாள். காவலாளி கதவைப் பாதி சாத்தியிருந்தார்.

"அண்ணா, இவ இப்ப பேசறாண்ணா. நான்தான் தப்பா சொல்லிட்டேன். மேடத்தாண்ட ஒரே ஒரு தபா…"

"அதான் அடுத்த மாசம்னு சொல்லிட்டாங்கல்ல? போம்மா, வேன் வருது."

அந்த மாதம் முழுக்க ஜமுனாவின் குடிசையில் வேறு பேச்சே இல்லை. ஏரியிலிருந்து ஏறியதும், ஈரப் புடவையோடு, சிலேட்டும் கையுமாக உட்கார்ந்துவிடுவாள். ருக்குவின் விரல்களோ பென்சிலை நிற்க வைக்கவே முடியாமல் நழுவின. நண்டைப் போட்டால் காலெல்லாம் சரியாகப் போடுவாள். 'பி' எழுதச் சொன்னால் வயிறு எந்தப் பக்கம் என்று தெரியாமல் விழிப்பாள்.

"இந்தப் பக்கம்டி! எத்தினி வாட்டி சொல்றது?"

ஒருநாள் கை ஓங்கிவிட்டது. ஐஸ் பெட்டி ஏற்றிவிட்டு வந்த அவள் கணவன் பிரவீன் வாசலில் நின்று பார்த்தான்.

"இன்னாமே, கலெக்டர் பரீட்சையா எழுதப் போவுது? பால் பல்லுகூட வுழல."

"நீ சும்மா கெட. நாளைக்கு இவளும் பறியக் கடிச்சா, அப்ப வந்து கேளு."

பிரவீன் பிள்ளையைத் தூக்கப் போனான். "நைனா, வேணா. இன்னும் இசட் வர்ல" என்று ருக்கு நகர்ந்துகொண்டாள்.

விட்டுப்போயிருந்த பழக்கம் திரும்பியது. பாயை நனைத்தாள். தூக்கத்தில் 'எல், எம்' என்று முனகினாள். அங்கன்வாடி டீச்சர் ஆரோக்கியமேரி தண்ணீர்க் குழாயடியில் ஜமுனாவை மடக்கினார்.

"ஏம்மா, உன் பொண்ணு இப்ப மண்ணுலயே ஒக்கார மாட்டேங்குது. கவுன் அழுக்கானா சேத்துக்க மாட்டாங்களாம். இது வெளையாடற வயசு. வெளையாண்டுதான் வெரலு வலுவாவும், பேச்சு வளரும். ஆறு வயசுல ஒரு வாரத்துல வர்ற எழுத்த இப்ப அடிச்சு ஏத்தணுமா?"

"நீங்க சொல்றது சரிதான் டீச்சர். உங்க பையன எங்க சேத்தீங்க?"

ஆரோக்கியமேரி குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தார். அதே நர்சரியின் வேன்தான் அவர் வீட்டு வாசலிலும் நின்று போகிறது. "எல்லாரும் போறாங்கன்னு நானும் அனுப்பிட்டேன்" என்றார், குடத்தைப் பார்த்தபடி.

ஏரியில் நாத்தனார் சத்யா கரையேறியதும் கேட்டாள், "அண்ணி, ருக்கு ஏன் வர்றதில்ல? அவ பறி எங்க கரையில காஞ்சினு கீது." இன்னும் தண்ணீரிலேயே இருந்த ஜமுனாவின் வாயில் கயிறு இருந்தது. அவள் கயிற்றை எடுக்கவில்லை.

அடுத்த மாதம் அதே அறை, அதே மேசை. இம்முறை ஜமுனா ஒன்றும் சொல்லி அழைத்து வரவில்லை. ருக்கு கைகளை இடுப்போடு ஒட்டிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், ஒரே மூச்சில் கொட்டினாள். எழுத்து எல்லாம் வந்தது. எண் எல்லாம் வந்தது. சிவப்புக்கு ரெட். பெயரை எழுதினாள். வியர்வையில் பென்சில் வழுக்கியபோது மட்டும் ஓரக்கண்ணால் தாயின் கையைப் பார்த்துத் தோளைச் சுருக்கினாள். அதை ஜமுனா பார்த்தாள்.

"வெரி குட்!" ரோஸ்மேரிக்கு உண்மையிலேயே சந்தோஷம். "பாத்தீங்களா? சொல்லிக் குடுத்தா உங்க பிள்ளைங்களுக்கும் வருது. இன்னிக்கே கிளாஸ்ல ஒக்காரட்டும்."

ஜமுனா கும்பிட்டாள். நினைத்தது நடந்துவிட்டது. வெளியே வந்து, சாலைக்குப் போகாமல், சுவரோரமாகச் சுற்றி வகுப்பின் ஜன்னலருகே போய் நின்றாள். பிள்ளை பேசுவதை, மற்றப் பிள்ளைகளோடு சிரிப்பதை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான்.

உள்ளே ஒரே இரைச்சல். ஒருத்தி பாடினாள், ஒருவன் பெஞ்சைத் தட்டினான். ருக்கு முதல் வரிசையில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, பக்கத்துப் பிள்ளையின் ரிப்பனைத் தொட்டு ஏதோ கேட்க வாயெடுத்தாள். வகுப்பு மிஸ் உள்ளே வந்து மேசையை ஸ்கேலால் தட்டினாள்.

"சைலன்ஸ்! ஃபிங்கர் ஆன் யுவர் லிப்ஸ்!"

இரைச்சல் அடங்கியது. அத்தனை பிள்ளைகளும் ஆள்காட்டி விரலை உதட்டின்மேல் வைத்துக்கொண்டார்கள். ருக்கு திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பிறகு புரிந்துவிட்டது. இது அவளுக்குத் தெரிந்ததுதான். விரலை வைத்தாள். உதடுகளை இறுக்கினாள். கன்னம் இரண்டும் புடைத்தன.

"வெரி குட், நியூ கேர்ள். எல்லாரும் இவளைப் பாருங்க. இப்படித்தான் இருக்கணும்."

ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த ஜமுனாவின் விரல்களில் பழைய கீறல்கள் எரிந்தன. பின்னாலிருந்து காவலாளி, "அம்மா, அங்கெல்லாம் நிக்கக்கூடாது, கெளம்பு" என்று குரல் கொடுத்தார். அந்தச் சத்தத்துக்கு ருக்கு தலையைத் திருப்பினாள். தாயைக் கண்டுகொண்டாள். மிஸ் கரும்பலகைப் பக்கம் திரும்பும்வரை காத்திருந்தாள்.

விரலை எடுக்காமலே, அதன் பின்னாலிருந்து, காற்றுப்போலக் கேட்டாள்:

"மா, கரைக்கு வரட்டா?"