மேல்பக்கம் வெள்ளை

அண்ணன் செத்து எட்டு மாதம் கழித்து அண்ணி என்னிடம் ஒரே ஒரு வேலை சொன்னாள். அண்ணனின் கம்ப்யூட்டரில் கிடந்த போட்டோக்களை டிஸ்க்கில் எழுதித் தர வேண்டும். அவளுக்கு, அம்மாவுக்கு, சித்தப்பாவுக்கு, எனக்கு என்று நாலு பிரதி. மகளோடு தன் அப்பா வீட்டுக்கே போகிறாள். அங்கே டீவியோடு சேர்த்த பழைய பிளேயர் இருக்கிறது. நைட் ஷிப்ட் வேலையைப் பாதியில் உதறிவிட்டு வந்தவன் நான். வீட்டில் எந்த எடுபிடிக்கும் நான்தான்.

"டிஸ்க் மேல அவர் முகத்தை அச்சடிச்சுக் குடு தம்பி. பாப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. முகத்தைப் பார்த்து எடுத்துப் போட்டுக்குவா."

கடையில் வெற்று டிஸ்க்குகள் மூன்று வகை இருந்தன. மேல்பக்கம் முழு வெள்ளையாக, அச்சடிக்கத் தோதாக இருந்தது ஒன்றுதான். அதை எடுத்தேன்.

"மேல பார்க்காதீங்க சார், அடியில பாருங்க" என்றார் கடைக்காரர். "எழுதப் போற டிரைவ் எத்தனை வருஷப் பழசு? பிளஸ் ரக டிஸ்க்கும் எழுதுமா, மைனஸ் ரகம் மட்டுமா?"

"விசாரணைக் கைதி மாதிரி நிக்க வெச்சுட்டீங்களே."

"கேக்கலைன்னா நாளைக்கு நீங்க வந்து என்னை நிக்க வெப்பீங்க. இது புது ரகம். பழைய டிரைவுக்கு இதுல எப்படி எழுதறதுன்னே தெரியாது, குத்துமதிப்பா எழுதும். ஒண்ணு எழுதி, வேற மெஷின்ல போட்டுப் பாருங்க. அப்புறம் மத்ததை எழுதுங்க."

"எல்லாம் ஓடும்" என்றேன். டிரைவின் வயசு எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

நாலையும் அண்ணனின் கம்ப்யூட்டரிலேயே ஒரே நாளில் எழுதினேன். எழுதிய ஒவ்வொன்றையும் அதே டிரைவில் திரும்பப் போட்டுத் திறந்து பார்த்தேன். திரை முழுக்க அண்ணன் சிரித்தான். மேல்பக்கத்தில் கையில் ஒட்டாத, அழியாத நல்ல அச்சு. அண்ணி டிஸ்க்கை விளிம்பில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எல்லாம் சரியா வருதா?"

"கண்ணாடி மாதிரி வருது அண்ணி."

"அப்ப கம்ப்யூட்டர்ல இருக்கறதை அழிச்சுடு. எடைக்குப் போனா எவன் எவனோ பார்ப்பான்."

அழித்தேன். மீட்க முடியாதபடி, மேலே வேறு எதையெதையோ எழுதி இரண்டு முறை அழித்தேன். எதையும் பாதியில் விடுகிற நான் அதை மட்டும் முழுசாகச் செய்தேன். கம்ப்யூட்டர் எடைக்குப் போனது.

மூன்றாம் வாரம் அண்ணி அப்பா வீட்டிலிருந்து போன் செய்தாள். பிளேயர் டிஸ்க்கை விழுங்கிச் சுற்றிவிட்டு வெளியே தள்ளுகிறதாம். அம்மாவின் பிரதியைப் பக்கத்து வீட்டில் போட்டேன். அங்கேயும் அதே கதை. சித்தப்பா, "என்னடா, வெறும் தட்டை நீட்டியிருக்கே?" என்றார்.

நாலு டிஸ்க்கையும் வாங்கிக்கொண்டு கடைக்குப் போனேன். அண்ணியும் பஸ் பிடித்து வந்திருந்தாள். கடைக்காரர் மூன்று டிரைவில் போட்டுப் பார்த்தார்.

"எழுதின டிரைவ்லயே போட்டுப் பார்த்தீங்களா?"

"ஆமா."

"தன் கிறுக்கலைத் தான் படிக்கும் சார். மத்தவன் படிக்கணுமில்ல? அந்த டிரைவைக் கொண்டு வாங்க, பார்க்கலாம்."

நான் எடைக்கடைக்கு ஓடினேன். முற்றத்தில் தகரம், ஒயர், உடைந்த கீபோர்டு. கடைக்காரன் கையை விரித்தான். போன வாரமே உடைத்து லாரியில் ஏற்றிவிட்டானாம்.

திரும்பி வந்தபோது அண்ணி ஒரு திரையின் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். ஒரு டிரைவ் மட்டும் கோப்புகளின் பெயர்களைப் படித்திருந்தது. நானூற்றுச் சொச்சம் பெயர்கள். எதைச் சொடுக்கினாலும் திறக்கவில்லை.

"பெயர் உள் வட்டத்துல இருக்கு, அது தப்பிச்சுது. படம் வரலை" என்றார் கடைக்காரர், என்னைப் பார்க்காமல்.

எல்லாம் அண்ணன் வைத்த பெயர்கள். அண்ணி விரலை வைத்து மெதுவாக வாசித்தாள். "பாப்பா முதல் பல். அம்மா முறைக்கிறாள். இவள் தூக்கத்தில். இவள் மறுபடியும் தூக்கத்தில்." வாசிப்பதை நிறுத்தினாள். "என்னை எப்பவாவது முழிச்சிருக்கும்போது எடுத்தாரா இந்த மனுஷன்?"

நான் அவளிடம் ஏதாவது சொல்ல நினைத்தேன். மன்னிப்பு என்ற சொல்லை எடுத்தால் அவள் அதற்கும் பதில் சொல்லியாக வேண்டும். அந்த வேலையையும் அவள் தலையில் கட்ட வேண்டாம் என்று மீதி டிஸ்க்குகளை எடுத்து அடுக்கினேன்.

"தம்பி, இது என்ன? 'தம்பியும் குடையும்.'"

எத்தனையோ குடை. எந்த மழை, எந்த வருஷம், அவன் எங்கே நின்று எடுத்தான், எதுவும் நினைவில்லை.

"தெரியலை அண்ணி."

"அந்தப் படத்துல நீ இருந்திருக்கியேடா" என்றாள். பிறகு அடுத்த பெயருக்குப் போனாள்.